காலிக் கோட்டையை வெளியே நின்று பார்ப்பது

காலிக்குப் போகிறோம், கோட்டைக்குள் பார்க்க என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால், முதலில் பிளேன்டீக்குத் தண்ணீர் வைக்கச் சொல்வேன். பதில் கொஞ்சம் நீளம். வெளிச்சவீடு, பள்ளிவாசல், ஒல்லாந்தர் தேவாலயம், இரத்தினக்கல் கடை என்று நாலு பெயரைச் சொல்லி அனுப்பிவிடலாம்தான். அப்படிப் போகிறவர்கள் ஒரு மணித்தியாலத்தில் நாலையும் படம் எடுத்துவிட்டு, விலை பார்க்காமல் ஒரு ஐஸ் கோப்பியும் குடித்துவிட்டு, அடுத்தது உனவட்டுனையா மிரிஸ்ஸையா என்று ஓட்டோக்காரரிடம் கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. எங்கே நின்று பார்க்க வேண்டும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

என் யோசனை இதுதான்: போய் இறங்கியதும் உள்ளே போகாதீர்கள். பஸ் நிலையமும் ரயில் நிலையமும் கோட்டைக்கு வடக்கே, தரைப் பக்கத்தில் இருக்கின்றன. அங்கிருந்து மதிலை நேருக்கு நேர் பார்க்கலாம். இடையில் கிரிக்கெட் மைதானம். மதிலில் மூன்று பெரிய கொத்தளங்கள் முன்னே தள்ளிக்கொண்டு நிற்கும். வலது கைப் பக்கம் நட்சத்திரக் கொத்தளம், நடுவில் சந்திரக் கொத்தளம், இடது பக்கம் சூரியக் கொத்தளம். நடுவிலுள்ளதில் 1883இல் எழுந்த மணிக்கூட்டுக் கோபுரம் நிற்பதால் அடையாளம் தவறாது. கோட்டையிலேயே மிகத் தடித்த மதில் இதுதான். மற்ற மூன்று பக்கமும் கடல். அங்கே மதில் இவ்வளவு தடிப்பில்லை, பல இடங்களில் உயரமும் இல்லை.

கடல் வழியாக வந்து, கடல் வழியாக வாழ்ந்தவர்கள் தரையைப் பார்த்து ஏன் இப்படிப் பயந்தார்கள்? கோட்டையைப் புரிந்துகொள்ள இந்தக் கேள்வி போதும்.

16ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கே முதலில் அரண் கட்டியவர்கள் போர்த்துக்கேயர். அவர்கள் தரைப் பக்கத்தை மட்டுமே அடைத்தார்கள். கடல் பக்கத்தைப் பாறைகள் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டார்கள். 1638இல் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கன், போர்த்துக்கேயரை விரட்ட ஒல்லாந்தரோடு ஒப்பந்தம் செய்துகொண்டான். 1640 மார்ச்சில் கொஸ்டர் என்ற தளபதி காலியைப் பிடித்தார். பிடித்த கோட்டை அரசனுக்குத்தான் என்று அரசன் நினைத்தான். யுத்தச் செலவைக் கொடுத்து முடிக்கும்வரை அது எங்களிடமே இருக்கட்டும் என்றது ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி. கணக்கு முடியவே இல்லை. அதே ஆண்டு, கண்டிக்குப் போய்த் திரும்பும் வழியில் கொஸ்டர் கொல்லப்பட்டார். இப்போது அந்தத் தடித்த மதிலை இன்னொரு முறை பாருங்கள். ஏமாற்றப்பட்ட நண்பன் எந்தத் திசையிலிருந்து வருவான் என்று கட்டியவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

கொத்தளம் ஏன் மதிலை விட்டு வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது என்று பலர் கேட்பதுண்டு. மொட்டைமாடியில் நின்றபடி, நம் வீட்டுச் சுவரோடு ஒட்டி நிற்கும் ஆளைப் பார்க்க முயன்றால் தெரியும்: எட்டிக் குனியாமல் முடியாது. குனிந்தால் கீழே இருப்பவன் சுட்டுவிடுவான். நேரான மதிலுக்கும் அதே கஷ்டம். அடிவாரத்துக்கு வந்துவிட்ட எதிரி மேலே இருப்பவனின் கண்ணில் படமாட்டான். கொத்தளத்தை முன்னே தள்ளிக் கட்டினால், அதன் பக்கவாட்டில் நின்று மதிலின் முகத்தோடு ஒட்டிச் சுடலாம். ஒரு கொத்தளத்தின் அடிவாரத்தை அடுத்த கொத்தளம் பார்த்துக்கொள்ளும். யாழ்ப்பாணக் கோட்டையின் ஐந்து மூலைகளிலும் இதே கணக்குத்தான், கட்டியதும் இதே கம்பனிதான். யாழ்ப்பாணத்தில் சமதரையில் ஐங்கோணம் வரைய முடிந்தது. காலியில் குடாநாட்டின் ஓரம் எப்படி வளைகிறதோ அப்படியே மதிலும் வளைந்தது. மொத்தம் 14 கொத்தளங்கள்.

உயரத்தையும் கவனியுங்கள். பழைய மலைக்கோட்டைகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது குட்டையாகத் தோன்றும். ஏணி வைத்து ஏறி வரும் எதிரிக்குத்தான் உயரம் வேண்டும். பீரங்கிக்கு முன்னால் உயரமான சுவர் நல்ல குறியாகிவிடும். அதனால் குட்டையாக, சாய்வாக, உள்ளே மண் நிரப்பித் தடிப்பாகக் கட்டினார்கள். முன்னால் மரமோ வீடோ இல்லாத வெளியும் வேண்டும், வருகிறவன் ஒளிய இடம் இருக்கக் கூடாது. அந்த வெறுந்தரையில்தான் பின்னால் பிரித்தானியர் குதிரைப் பந்தயம் விட்டார்கள். அதன்பின் அது கிரிக்கெட் மைதானமாயிற்று. 2010 ஜூலையில் முத்தையா முரளிதரன் தன் கடைசி டெஸ்டின் கடைசிப் பந்தில் 800ஆவது விக்கெட்டை எடுத்தது பீரங்கிக்காக ஒதுக்கிய இந்த வெளியில்தான். மட்ச் நடக்கும் நாளில் போனால், மதில்மேல் குடை பிடித்து உட்கார்ந்திருக்கும் கூட்டத்தையும் பார்க்கலாம்.

சரி, இனி உள்ளே போகலாம். எல்லோரும் நுழையும் பெரிய வாசல் 1873இல் பிரித்தானியர் மதிலை உடைத்து வைத்தது. அதற்குள் போக வேண்டாம். இடப்பக்கமாகத் துறைமுகத்தை நோக்கி நடந்தால் பழைய வாசல் வரும். வெளி முகத்தில் பிரித்தானிய அரச சின்னம். உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தால் கம்பனியின் சின்னம்: இரண்டு சிங்கங்கள், மேலே ஒரு சேவல், கீழே உரோம எண்ணில் 1669. வந்தவர்கள் வெளியே தங்கள் முத்திரையை வைத்தார்கள், உள்ளே இருந்ததைத் தொடவில்லை. 1796இல் கோட்டை கைமாறியதும் ஏறத்தாழ இப்படித்தான். கொழும்பு சரணடைந்தது, சில நாளில் காலியும் கொடுக்கப்பட்டது. இவ்வளவு கணக்குப் போட்டு ஒல்லாந்தர் கட்டிய மதில் பெரிய முற்றுகை ஒன்றைக்கூடக் காணவில்லை.

வாசலோடு சேர்ந்த நீண்ட கட்டடம் கம்பனியின் பண்டகசாலை. கறுவாப்பட்டை ஏறி இறங்கிய இடம். கடல்சார் அருங்காட்சியகம் இங்கே இருக்கிறது. 1659இல் இதே துறைமுகத்தில், கரையிலிருந்து பார்க்கும் தூரத்தில் மூழ்கிய அவொண்ட்ஸ்டர் என்ற கப்பலை நம் காலத்தில் சுழியோடிகள் ஆராய்ந்து பொருட்களை வெளியே எடுத்தார்கள். துறைமுகத்துக்குள்ளேயே கப்பல் தாழ்கிறது என்றால் அது எப்பேர்ப்பட்ட துறைமுகம் என்று யோசித்துக்கொள்ளுங்கள். இந்தப் பேச்சுக்குத் திரும்ப வருவேன்.

அங்கிருந்து கடல் உங்கள் இடது கையில் இருக்க நடங்கள். கொஞ்சத் தூரம் தெருவால் போக வேண்டும், பிறகு மதில் ஏறலாம். மாலை நாலரைக்கு முன் தொடங்க வேண்டாம், மதில்மேல் நிழலே இல்லை. தென்கிழக்கு மூலையில் வெளிச்சவீடு. பழையது எரிந்துபோக, 1939இல் கட்டியது இது, உயரம் 26.5 மீட்டர். எதிரே வெள்ளைப் பள்ளிவாசல். இரண்டு பக்கமும் கோபுரம் வைத்த அதன் முகப்பைப் பார்த்துக் கத்தோலிக்கத் தேவாலயம் என்று நினைப்பவர்கள் உண்டு. வாசலில் நிற்கும் பெரியவர்கள் பேசுவதைக் கேட்டால் உங்களுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படாது, தமிழ்தான். கோட்டைக்குள் தலைமுறை தலைமுறையாக இருக்கும் முஸ்லிம் குடும்பங்களின் வீட்டு மொழி அது. தொழுகை நேரத்தைத் தவிர்த்துப் போங்கள், படம் எடுக்கக் கேட்டுவிட்டு எடுங்கள். உள்ளே தெருப் பெயர்களையும் பாருங்கள். பரவர் தெரு ஒன்று இருக்கிறது. முத்துக்குளிக்கும் கரையிலிருந்து வந்த பரவர்களின் பெயர் ஒல்லாந்தர் போட்ட தெருக்களுக்கு நடுவில் இன்னும் நிற்கிறது.

தென்கோடியில் கொடிப்பாறை. இங்கிருந்துதான் கப்பல்களுக்குக் கொடி காட்டிப் பாறைகளைப் பற்றி எச்சரித்தார்கள். இப்போது பையன்கள் காசுக்குக் கடலில் குதித்துக் காட்டுகிறார்கள். எனக்கு இது பிடிக்காது. கீழே பாறை எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும், நம் காசுக்குத் தெரியாது.

அடுத்து மேற்குப் பக்கம் ட்ரைட்டன் கொத்தளம். பெரும்பாலானோர் சூரியன் மறைவதைப் படம் எடுத்துவிட்டுப் போய்விடும் இடம். இங்கே ஒரு காற்றாலை இருந்தது. நகரத்தின் அடியில் ஒல்லாந்தர் வடிகால்கள் போட்டிருந்தார்கள். அவற்றுக்குள் கடல்நீரை ஏற்றிக் கழுவிவிட வேண்டும். அந்த நீரை இறைக்க இந்தக் காற்றாலை உதவியது. கடல்மட்டத்துக்கும் கீழே ஊர் கட்டி வாழ்ந்தவர்களுக்குத் தண்ணீரை எங்கே விடுவது, எங்கே அடைப்பது என்பது தாய்ப்பாலோடு வந்த வித்தை. தேவாலயத்தையும் மாளிகையையும்விட, கண்ணில் படாத இந்தச் சாக்கடைதான் கோட்டைக்குள் அவர்கள் செய்த நல்ல வேலை என்பேன். 1755இல் கட்டிய தேவாலயத்துக்கும் போங்கள், தரை முழுக்கக் கல்லறைக் கற்கள். ஆனால் மழை விட்ட நேரத்தில் ஏதாவது ஒரு தெருவோரம் நின்று, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்றும் ஒரு நிமிடம் பாருங்கள்.

இனித் துறைமுகப் பேச்சு. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் நீராவிக் கப்பல்கள் நிலக்கரி ஏற்ற நின்றது காலியில்தான். ஐரோப்பியத் தபால் முதலில் இங்கே வரும். 1850களில் சிலோன் ஒப்சேவர் பத்திரிகை காலியிலிருந்து கொழும்புக்குப் புறாவின் காலில் செய்தி கட்டி அனுப்பியது. ஆனால் பாறைகள் போர்த்துக்கேயருக்குக் காவலாக இருந்தாலும் பெரிய கப்பல்களுக்கு எமன். தென்மேற்குப் பருவக்காற்று வந்துவிட்டால் இன்னும் மோசம். 1875இல் கொழும்பில் அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் வைத்தார்கள். பத்து ஆண்டில் முதற் சுவர் முடிந்தது, கப்பல்கள் அங்கே போய்விட்டன. காலியில் வியாபாரம் படுத்தது.

ஊர் பிழைத்ததும் அதனால்தான். கொழும்புக் கோட்டைக்கும் இப்படி ஒரு மதில் இருந்தது. இடம் வேண்டும் என்று 1870ஐ ஒட்டி இடித்துவிட்டார்கள். காலியில் இடிக்க யாருக்கும் அவசரம் வரவில்லை, புதிதாகக் கட்டவும் காசு இல்லை. தூண் வைத்த திண்ணையும் தடித்த சுவருமாகப் பழைய வீடுகள் அப்படியே கிடந்தன. 1988இல் யுனெஸ்கோ வந்து உலக மரபுச் சொத்து என்று எழுதிக்கொண்டபோது, ஒரு நூற்றாண்டாக வறுமை பாதுகாத்ததைத்தான் எழுதிக்கொண்டது. இப்போது காசு வந்துவிட்டது. திண்ணைகள் கபேக்களாகிவிட்டன, பல குடும்பங்கள் வீட்டை விற்றுவிட்டு வெளியே போய்விட்டன. பருவக்காற்றைவிட இதுதான் எனக்குக் கவலை. ஆகவே கோட்டைக்குள் தேநீர் குடிப்பதானால், குடியிருப்பவர்கள் குடிக்கும் சின்னக் கடையாகத் தேடிக் குடியுங்கள்.

2004 டிசம்பர் 26ஐச் சொல்லாமல் இருக்க முடியாது. கடற்கோள் வந்தபோது பஸ் நிலையமும் மைதானமும் கடைத்தெருவும் அழிந்தன, நிறையப் பேர் இறந்தார்கள். துறைமுகப் பக்கம் இருந்த அருங்காட்சியகமும் அடிபட்டது. கோட்டைக்குள் இருந்த தெருக்கள் பெரும்பாலும் தப்பின. மனிதருக்குப் பயந்து கட்டிய மதில் தண்ணீரைத் தடுத்தது என்று வழிகாட்டிகள் பெருமையாகச் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் மதிலுக்கு வெளியே இருந்தவர்களைப் பற்றி அந்தப் பேச்சில் ஒன்றும் இருக்காது. நீங்களாகக் கேட்டுப் பாருங்கள்.

இன்னும் ஒன்று, இது காலியில் இல்லை. மதில் எதுவும் எழும்புவதற்கு முன்பே காலி துறைமுகம்தான். 1344இல் இபின் பதூதா இந்த வழியாகப் போயிருக்கிறார். 1409 என்று தேதியிட்ட ஒரு கல்லைச் சீனத் தளபதி செங் ஹே இந்தக் கரைக்குக் கொண்டுவந்தார். அதில் மூன்று மொழி. சீனத்தில் புத்தருக்கு, தமிழில் தெனாவரை நாயனாருக்கு, பாரசீகத்தில் இஸ்லாத்தின் இறைவனுக்குக் காணிக்கை. பொன், வெள்ளி, பட்டு, வாசனை எண்ணெய் என்று மூவருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு. தெனாவரை என்பது மாத்தறைக்கு அப்பால் உள்ள தெய்வேந்திரமுனை. அங்கிருந்த கோயிலைப் போர்த்துக்கேயர் 1588இல் அழித்தார்கள். இந்தத் தென்கரையில் வியாபாரம் பேசத் தமிழ் வேண்டும் என்று சீனத்துச் சக்கரவர்த்தியின் ஆட்களுக்குத் தெரிந்திருந்தது. கல் 1911இல் காலி நகரில் கிடைத்தது, ஒரு மதகின் மூடியாக.

அது இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. காலிக்கு ரயில் ஏறும் முன் ஒரு காலையில் போய்ப் பார்த்துவிடுங்கள். எழுத்து நன்றாகத் தேய்ந்திருக்கிறது, பக்கவாட்டில் இருந்து வெளிச்சம் விழும் கோணத்தில் நின்றால் தமிழைக் கொஞ்சம் பிரித்தெடுக்கலாம். பிறகு கொழும்புக் கோட்டை ரயில் நிலையத்தில் ஏறும்போது வலது பக்க ஜன்னலைப் பிடியுங்கள், பெரும்பாலான வழி கடலோரம்தான். இரண்டரை மணித்தியாலத்தை ஒட்டிப் போகும் பயணம். தேநீர் ஆறிவிட்டது, இன்னொன்று போடச் சொல்லவா?