புழு சொல்லிக் கொடுத்த சுரங்கம்!

லண்டனில் வாப்பிங் ஸ்டேஷனில் ரயில் ஏறி, அடுத்த ஸ்டேஷனான ராதர்ஹைத்தில் இறங்குகிறவர்கள் தேம்ஸ் நதியைத் தாண்டிவிடுகிறார்கள். பாலத்தின் மேல் அல்ல, நதிக்கு அடியில்! 396 மீட்டர் நீளமுள்ள அந்தச் சுரங்கம் திறக்கப்பட்டது 1843-ல். கப்பல் போகும் நதிக்கு அடியில் உலகிலேயே முதலில் கட்டப்பட்ட சுரங்கம் இதுதான்.

துறைமுகச் சரக்கு வண்டிகள் லண்டன் பாலத்தைச் சுற்றாமல் அக்கரை சேர ஒரு வழி தேவைப்பட்டது. பாலம் போட்டால் கப்பல்களின் பாய்மரம் இடிக்கும். அதனால் நதிக்கு அடியில் வழி போடக் கிளம்பினார், பிரான்சில் பிறந்த எஞ்சினீயர் மார்க் பிரூனல்.

சேற்றைத் தோண்டினால் மேலே சரியுமே? கப்பல் மரத்தைத் துளைக்கும் புழுவிடம் அவருக்கு விடை கிடைத்தது என்பார்கள். அது முன்னால் மரத்தைக் குடையும். பின்னால் துளைக்குச் சுண்ணாம்புப் பூச்சு பூசிக்கொண்டே போகும். பிரூனல் 36 அறைகள் கொண்ட இரும்புச் சட்டம் செய்தார். அறைக்கு ஒரு தொழிலாளி. எதிரே உள்ள பலகைகளில் ஒன்றை எடுத்து, சில அங்குலம் தோண்டி, பலகையைத் திரும்பப் பொருத்துவார். அப்படியே எல்லாப் பலகையும் முடிந்ததும் சட்டத்தை ஜாக்கியால் முன்னே தள்ளுவார்கள். பின்னாலேயே கொத்தனார்கள் செங்கல் கட்டுவார்கள்.

1825-ல் வேலை தொடங்கியது. அன்றைய தேம்ஸ், லண்டனின் சாக்கடை. அந்தத் தண்ணீர் தலையில் சொட்டியது. சாக்கடை வாயு விளக்கில் பட்டுத் தீப்பிடித்தது. தொழிலாளர்கள் காய்ச்சலில் விழுந்தார்கள். 1827 மே மாதம் நதி உள்ளே புகுந்தது. படகிலிருந்து களிமண் மூட்டைகளைப் போட்டு ஓட்டையை அடைத்தார்கள். 1828 ஜனவரியில் மறுபடியும் வெள்ளம். 6 பேர் பலி. வேலையைக் கவனித்துவந்த பிரூனலின் மகன், 21 வயது இசம்பார்ட், காயங்களோடு உயிர் தப்பினார். பணமும் தீர்ந்து, 7 வருடம் வேலை நின்றது.

அரசாங்கக் கடன் வாங்கி ஒருவழியாக முடித்தபோது, வண்டிகள் இறங்கச் சரிவுப் பாதை போடக் காசில்லை. எந்தச் சரக்கு வண்டிகளுக்காகத் தோண்டினார்களோ, அவற்றில் ஒன்றுகூட உள்ளே போகவில்லை! ஜனங்கள் ஒரு பென்னி கட்டணம் கொடுத்துப் படியிறங்கி வேடிக்கை பார்த்தார்கள். உள்ளே கடைகள் முளைத்தன. 1865-ல் ஒரு ரயில் கம்பெனி சுரங்கத்தை வாங்க, 1869-ல் ரயில் ஓடியது. அதைப் பார்க்க பிரூனல் இல்லை, 1849-லேயே காலமாகிவிட்டார்.

சென்னை மெட்ரோவுக்குப் பூமியைக் குடைந்த ராட்சத இயந்திரங்களும் அதே சூத்திரத்தில்தான் வேலை செய்கின்றன: முன்னால் தோண்டு, மேலே தாங்கு, பின்னால் கட்டு. தேம்ஸ் சுரங்கத்துக்கு 1990-களில் உட்புறம் கான்கிரீட் பூசியபோது, ராதர்ஹைத் பக்கம் ஒரு சிறு பகுதியை மட்டும் தொடாமல் விட்டார்கள். அந்தக் கொத்தனார்களின் கைவேலை இன்றும் அங்கே தெரிகிறது.