செல்போன் படித்துக் காட்டாத பாடக்குறிப்பு

கரும்பலகையில் எழுதியதைப் போட்டோ பிடித்து, வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஆசிரியர் போடுகிறார். மற்ற பிள்ளைகள் அதைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொள்கிறார்கள். பார்வையற்ற மாணவியின் செல்போனோ பெரும்பாலும் "படம்" என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றுவிடும்.

செல்போனைக் குறை சொல்லிப் பயனில்லை. திரையில் உள்ளதை உரக்கப் படித்துக் காட்டும் மென்பொருளைத் திரைவாசிப்பான் என்பார்கள். பல ஆண்ட்ராய்டு போன்களில் 'டாக்பேக்' கூடவே வருகிறது. விண்டோஸ் கணினிக்கு 'என்விடிஏ' இலவசமாகக் கிடைக்கிறது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற இளைஞர் மைக்கேல் கர்ரன் 2006இல் எழுதத் தொடங்கியது அது. இவை தமிழையும் படிக்கும். ஆனால் போட்டோவில் இருப்பது எழுத்தின் உருவம்தான். அதை எழுத்தாக்கும் ஓசிஆர் செயலிகள் தெளிவான அச்சை ஓரளவு பிடித்துக்கொள்ளும். சாக்பீஸ் கையெழுத்தில் தடுமாறும்.

தட்டச்சு செய்தாலும் ஒரு சிக்கல் உண்டு. 'பாமினி' போன்ற பழைய எழுத்துருவில் 'அம்மா' என்று அடித்தால் கண்ணுக்குத் தமிழாகத்தான் தெரியும். கணினிக்குள் இருப்பதோ எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் குறிகள். திரைவாசிப்பான் அவற்றைத்தான் படிக்கும். அம்மா காதில் விழமாட்டாள். தமிழைத் தமிழாகவே பதியும் யூனிகோட் முறையில் அடித்தால் இந்தத் தொல்லை இல்லை.

யூனிகோடில் அடித்த அதே கோப்பு வேறு பிள்ளைகளுக்கும் உதவும். பார்வை மங்கிய மாணவன் எழுத்தைப் பெரிதாக்கலாம்; எவ்வளவு பெரிதாக்கினாலும் போட்டோ போல மங்காது. எழுத்துகளைக் கூட்டிப் படிக்கத் திணறும் டிஸ்லெக்சியா உள்ள பிள்ளை, வரி இடைவெளியைக் கூட்டி, செல்போன் படிப்பதைக் கேட்டுக்கொண்டே கண்ணால் தொடரலாம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் இத்தகைய கற்றல் குறைபாடும் ஒன்று.

படம் வரைந்து விளக்கும் பாடமானால், கீழே இரண்டு வரி சேர்த்து எழுதுங்கள். "இதயத்தின் படம்" என்பது போதாது. "இதயத்தில் நான்கு அறைகள், மேலே இரண்டு ஆரிக்கிள்கள், கீழே இரண்டு வெண்ட்ரிக்கிள்கள்" என்றால் பாடம் போய்ச் சேரும். வீடியோ அனுப்பினால், காது கேளாத பிள்ளைக்காக வசனங்கள் திரையில் ஓட வேண்டும். யூடியூப் தானாகப் போடும் வசனங்களில் பிழை வரும். ஒருமுறை படித்துத் திருத்திவிடுங்கள்.

உங்கள் குறிப்பு எப்படி இருக்கிறது என்று அறிய எளிய சோதனை உண்டு. செல்போனில் கோப்பைத் திறந்து, ஒரு சொல்லின் மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள். சொல் தேர்வாகவில்லை என்றால் அது பெரும்பாலும் வெறும் படம். தேர்வானால், நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே விழுந்தால் யூனிகோட். ஆங்கிலக் குறிகளாகச் சிதறினால் பழைய எழுத்துரு. அடுத்த குறிப்பை அனுப்பும் முன் இதைச் செய்துவிடுங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது.