ரெப்போ விகிதமும் அடகுச் சீட்டும்: நாட்டுநடப்புத் தேர்வு எதைச் சோதிக்கிறது?

வணிக, பொருளாதாரச் செய்திகளில் மாணவர்களின் அறிவைச் சோதிப்பது இன்று இரண்டு இடங்களில் நடக்கிறது. ஒன்று வினாடி வினா மேடை. டாடா குழுமம் 2004 முதல் கல்லூரி மாணவர்களுக்கு வணிக வினாடி வினா நடத்திவருகிறது. ரிசர்வ் வங்கி 2023-ல் அரசுப் பள்ளிகளில் 8 முதல் 10 வரை படிப்பவர்களுக்கு வட்டார அளவிலிருந்து தொடங்கி ஒரு நிதிக் கல்வி வினாடி வினா நடத்தியது. தன் 90ஆம் ஆண்டை முன்னிட்டு 2024-ல் கல்லூரி மாணவர்களுக்கும் நடத்தியது. மற்றது வேலைக்கான தேர்வு. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வில் 200 கேள்விகள். தமிழில் 100, பொது அறிவில் 75, திறனறிவில் 25. அந்த 75-க்குள்தான் பொருளாதாரமும் நாட்டுநடப்பும் அடக்கம்.

முதலாவதில் தோற்றால் ஒரு கோப்பை போகும். இரண்டாவதில் தோற்றால் ஒரு வாழ்க்கை ஓராண்டு தள்ளிப்போகும். நான் பேச விரும்புவது இரண்டாவதைப் பற்றி. வல்லத்தில் வாரத்தில் ஒரு மாலை இந்தத் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்குப் பொருளாதாரப் பகுதியைச் சொல்லித்தருகிறேன். தஞ்சாவூர்ப் பக்கத்து வல்லம் அல்ல, செஞ்சிப் பக்கத்து வல்லம். மாதிரிக் கேள்வித்தாளும் நானே தயாரிப்பதால், கேள்வி கேட்பது என்ற செயலைப் பற்றி யோசிக்க வேண்டியதாகிறது.

1

‘ரெப்போ விகிதம் என்ன?’ என்பது ஒரு வழக்கமான கேள்வி. 2025 ஜனவரியில் இதற்கு விடை 6.50 சதவீதம். பிப்ரவரியில் 6.25. ஏப்ரலில் 6.00. ஜூனில் 5.50. டிசம்பரில் 5.25. அதாவது ஒரே ஆண்டில் சரியான விடை நான்கு முறை தவறான விடையாகியிருக்கிறது. ஜனவரியில் அச்சான கைடு பிப்ரவரியிலேயே பொய் சொல்லத் தொடங்கிவிடுகிறது. செய்தி, புதிதாக இருக்கும் கணத்தில் மட்டுமே உயிரோடிருப்பது என்று வால்டர் பெஞ்சமின் கதைசொல்லி பற்றிய தன் கட்டுரையில் (1936) வாதிட்டார். நாட்டுநடப்புத் தேர்வு செய்வது இதற்கு நேரெதிர்: செத்த செய்தியைப் பாடம் பண்ணி, தலைக்குள் அடுக்கி வைக்கச் சொல்கிறது.

பாவ்லோ ஃப்ரெய்ரே இதை ‘வங்கிமுறைக் கல்வி’ என்றார். ஆசிரியர் போட்டு வைப்பார், மாணவர் வாங்கி வைப்பார், தேர்வன்று எடுத்துக் கொடுப்பார். ஃப்ரெய்ரேவுக்கு வங்கி ஓர் உருவகம். நம் விஷயத்தில் வங்கியைப் பற்றிய அறிவே வங்கிமுறையில் போட்டு வைக்கப்படுகிறது. உருவகம் நிஜமாகிவிட்ட வேடிக்கை இது.

2

ரெப்போ விகிதத்தைச் சரியாகச் சொல்கிற மாணவியின் வீட்டில் ஒரு அடகுச் சீட்டு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எங்கள் பக்கத்தில் அது இல்லாத வீடு அபூர்வம். ‘ரிசர்வ் வங்கி வட்டியக் கொறச்சிட்டாங்கன்னு பேப்பர்ல போட்ருக்கு, எங்க நகைக்கு மட்டும் ஏன் கொறையல?’ என்பது அவளுடைய அம்மாவின் கேள்வி. இது கைடில் இல்லை. ஆனால் இதுதான் பொருளாதாரக் கேள்வி.

விடையைச் சுருக்கமாகச் சொல்லலாம். ரெப்போ என்பது வணிக வங்கிகள் குறுகிய காலத்துக்கு ரிசர்வ் வங்கியிடம் வாங்கும் கடனுக்கான வட்டி. அது குறைந்தால் எல்லாக் கடன் வட்டியும் தானே குறைந்துவிடாது. 2019 அக்டோபர் முதல் வங்கிகள் மாறும் வட்டியில் தரும் புதிய வீட்டுக் கடனையும் சிறுதொழில் கடனையும் ரெப்போ போன்ற ஒரு வெளி அளவுகோலோடு கட்டிவிட்டார்கள். அங்கே குறைப்பு போய்ச் சேரும். நகைக்கடன் பெரும்பாலும் நிலையான வட்டியில் தரப்படுவது. சீட்டு எழுதிய அன்று இருந்த வட்டிதான் மீட்கும்வரை. பெண்கள் வாங்கும் குழுக் கடனோ இன்னும் தூரம். 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதிகள், நுண்கடன் நிறுவனங்களுக்கு இருந்த வட்டி உச்சவரம்பை எடுத்துவிட்டன. மாதத் தவணைகள் மொத்தமாகக் குடும்ப வருமானத்தில் பாதிக்கு மேல் போகக்கூடாது என்று ஒரு வரம்பை வைத்தன. இந்தப் ‘பாதி’யைப் பற்றி ஒரு கேள்வி வந்திருந்தால், அதைப் படித்தவள் தவணை வசூலிக்க வருகிறவரிடம் பேசும் பேச்சே வேறாக இருக்கும்.

ஆக, ‘6.25’ என்ற விடை மும்பையில் நடக்கும் ஒரு கூட்டத்தைப் பற்றிய தகவல். அங்கிருந்து வல்லம் வரைக்கும் வட்டி எப்படி நடந்து வருகிறது, எங்கே நின்றுவிடுகிறது என்பதுதான் அறிவு. தேர்வு முதலாவதைக் கேட்கிறது, இரண்டாவதைப் பற்றி மௌனமாக இருக்கிறது. தேர்வு என்கிற பிரதியில் வாசிக்கப்பட வேண்டியது இந்த மௌனம்தான்.

3

மௌனம் தற்செயலானதல்ல. கேள்வி எந்த அளவையில் கேட்கப்படுகிறது என்பதிலேயே யாருடைய அறிவு ‘அறிவு’ என்பது முடிவாகிவிடுகிறது. 2025-26 பருவத்துக்குச் சாதாரண நெல்லுக்கு மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். இது கைடில் இருக்கும். செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் பேச்சு குவிண்டாலில் நடப்பதில்லை, 75 கிலோ மூட்டையில் நடக்கிறது. ‘மூட்ட இன்னா வெலைக்குப் போச்சு?’ என்பார்கள். 2,369-ஐ மூட்டைக்கு மாற்றினால் சுமார் 1,777 ரூபாய். அரசின் நேரடிக் கொள்முதல் நிலையத்தில்தான் அந்த விலை உறுதி. விற்பனைக் கூடத்தில் வியாபாரிகள் கேட்கிற விலைதான் விலை. அப்பாவுக்கு மூட்டை விலை தெரியும், பிள்ளைக்குக் குவிண்டால் விலை தெரியும். ஒரே வீட்டில் இரண்டு பொருளாதாரங்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளாமல் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுகின்றன.

உலகச் சந்தை இந்த ஊர்களுக்கு 1991-ல்தான் வந்தது என்பதும் கைடு சொல்லும் கதைதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே தென்னார்க்காட்டு மல்லாட்டை புதுச்சேரி வழியாக மார்சேய்க்குக் கப்பலேறியது, எண்ணெய்க்கும் சோப்புக்கும். 1930களின் பெருமந்தத்தில் விலை சரிந்தபோது அடி விழுந்தது இங்கேதான். இன்றும் செய்யாறு சிப்காட்டில் தைவான் நிறுவனத்தின் ஆலையில் நைக்கி செருப்பு தைக்கிறார்கள். தைப்பவர்களில் பெரும்பாலோர் சுற்றுவட்டாரக் கிராமத்துப் பெண்கள். வணிக வினாடி வினா கேட்பதோ நைக்கி என்பது எந்த நாட்டுத் தேவதையின் பெயர் என்று. தேவதையின் பெயரைச் சொன்னால் மதிப்பெண். தைப்பவளின் தினக்கூலி கேள்வியாவதில்லை.

சொந்த ஊரே கேள்வியாகும்போதும் இதே கதைதான். 2025 ஜூலையில் ‘மராட்டிய இராணுவ நிலவமைப்புகள்’ என்ற பெயரில் 12 கோட்டைகள் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. அதில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே உள்ள ஒரே கோட்டை செஞ்சி. தினமும் அதைப் பார்த்து வளர்ந்த பையன் அதை நான்கு விருப்பத் தெரிவுகளில் ஒன்றாகத் திரும்பப் படிக்கிறான்.

4

இங்கே ஒரு சுலபமான முடிவுக்குப் போய்விடலாம். தேர்வு என்பதே கண்காணிப்பும் தரப்படுத்தலும் சேர்ந்த அதிகார நுட்பம் என்று ஃபூக்கோ (1975) சொல்லிவிட்டார், ஆகவே தேர்வை நிராகரிப்போம் என்று. விடைத்தாளைப் பார்த்தால் அவர் சொன்னது பொருந்தவும் செய்கிறது. தேர்வாணையத்தின் விடைத்தாளில் ஐந்தாவதாக ஒரு வட்டம் உண்டு: ‘விடை தெரியவில்லை.’ தெரியாததையும் கறுப்பு மையால் நிரப்பிக் கணக்குக் கொடுக்க வேண்டும். அறியாமைக்குக்கூட அங்கே சும்மா இருக்க அனுமதியில்லை.

ஆனால் நிராகரிப்பது யார்? பிடிமானம் உள்ளவர்கள் நிராகரிக்கலாம். நேர்முகத் தேர்வுகூட இல்லாத குரூப் 4-ல், விடைத்தாளைத் திருத்தும் எந்திரத்துக்கு எழுதியவரின் தெரு தெரியாது, உச்சரிப்பு கேட்காது, அப்பா யாரென்று கேட்கத் தோன்றாது. இடஒதுக்கீட்டோடு சேர்ந்த இந்த அநாமதேயம் காலனித் தெருப் பிள்ளைக்குக் கிடைத்திருக்கும் சில கதவுகளில் ஒன்று. ‘சார், இது கேள்வில வருமா வராதா, அத மட்டும் சொல்லுங்க’ என்று பிள்ளைகள் கேட்பது சோம்பேறித்தனமல்ல. நேரம் குறைவாக உள்ளவர்களின் பொருளாதாரம் அது. கோட்பாட்டின் பெயரால் அதைக் கேலி செய்ய எனக்கு உரிமையில்லை.

எனவே தேர்வை விட்டு வெளியே போவதல்ல, கேள்வியின் வடிவத்துக்குள்ளேயே இடம் தேடுவதுதான் செய்யக்கூடியது. ‘கூற்று – காரணம்’ என்ற வடிவம் ஏற்கெனவே தேர்வில் இருக்கிறது. அதில் தேதியும் பெயரும் மட்டும் போதாது, ஒன்று மற்றொன்றுக்கு ஏன் காரணம் என்று யோசிக்க வேண்டும். நான் வைக்கும் மாதிரித் தேர்வுகளில் ஒவ்வொரு செய்தியையும் மூன்று படியாகக் கேட்கிறேன். என்ன நடந்தது? அது எந்த வழியாக வேலை செய்கிறது? நம் ஊரில் யாரிடம் போய்ச் சேருகிறது, யாரிடம் சேராமல் நிற்கிறது? முதல் படி மதிப்பெண்ணுக்கு. இரண்டாவது, அடுத்த மாதம் விகிதம் மாறினாலும் செல்லாததாகாமல் இருப்பதற்கு. மூன்றாவதற்குக் கைடில் விடை கிடையாது. வீட்டில்தான் கேட்டு வர வேண்டும். மூட்டைக் கணக்கும் குவிண்டால் கணக்கும் ஒரே சாப்பாட்டுத் தட்டருகே சந்திப்பது அப்போதுதான்.

அப்படி ஒரு கேள்வி:

கூற்று: 2025-ல் ரெப்போ விகிதம் நான்கு முறை குறைக்கப்பட்டது.
காரணம்: ஆகவே 2024-ல் நிலையான வட்டியில் அடகு வைத்த நகைக்கு வட்டி குறைந்தது.

கூற்று சரி, காரணம் தவறு. இதற்கு விடை தெரிந்தவர்களுக்கு ஐந்தாவது வட்டம் தேவைப்படாது.