காற்றே ஆற்றலாக

வீட்டு அடுப்பின் புகை வானத்தை நோக்கிச் சென்று கலைந்துவிடும். நிலத்துக்கு அடியில் எழும் புகைக்கு அவ்வாறு போக்கிடம் இல்லை. சுரங்கத்தினுள் மூட்டப்படும் நெருப்பு, தொழிலாளர் மூச்சுக்கு வேண்டிய உயிர்வளியைத் தான் உண்டு, புகையை அவர்களுக்கு விட்டுவைக்கும். நிலக்கரிச் சுரங்கமாயின் மற்றுமொரு தீங்கும் உண்டு. அங்கே நிலக்கரிப் பாறைகளிலிருந்து மீத்தேன் வாயு கசிகிறது. அது காற்றுடன் குறிப்பிட்ட அளவில் கலந்திருக்கும்போது, ஒரு சிறு தீப்பொறியே பெரும் வெடிப்பை உண்டாக்கிவிடும். ஆகவே, சுரங்கத்துக்குள் எந்த ஆற்றலைக் கொண்டுசெல்வது என்னும் வினா, வலிமையை மட்டும் பொறுத்ததன்று, உயிரையும் பொறுத்தது.

தொடக்கத்தில் உடலின் ஆற்றலே பயன்பட்டது. பிரித்தானியச் சுரங்கங்களில் பெண்களும் சிறுவர்களும் நிலக்கரி வண்டிகளை இழுத்தனர். பெண்களும் 10 வயதுக்குக் குறைந்த சிறுவர்களும் நிலத்தடியில் வேலை செய்வதை 1842ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. வண்டி இழுக்கும் வேலையில் குதிரைகள் மிகுதியாக ஈடுபடுத்தப்பட்டன. 1913ஆம் ஆண்டளவில் அந்நாட்டுச் சுரங்கங்களில் ஏறத்தாழ 70,000 குதிரைகள் உழைத்தன. அவற்றுள் பல, நிலத்தடித் தொழுவங்களிலேயே வாழ்ந்தன.

நீராவி எந்திரம் அப்போது இல்லையா என்று நீங்கள் வினவலாம். இருந்தது. 1712இலேயே நியூகோமன் என்பவர் அமைத்த நீராவி எந்திரம், சுரங்கத்தில் ஊறிய நீரை இறைத்தது. ஆனால், அது நிலத்தின் மேலே நின்றது. நெருப்பைச் சுமந்து செல்லும் எந்திரத்தை நீண்ட சுரங்கத்துக்குள் ஓட்டினால், உள்ளிருப்போர் மூச்சுத் திணறுவர்.

இதற்குப் பொறியாளர்கள் ஒரு வழி கண்டனர். நெருப்பு மேலேயே இருக்கட்டும். அதன் ஆற்றலால் காற்றை அழுத்தி, அந்தக் காற்றை மட்டும் கீழே அனுப்பலாம் என்பதே அவ்வழி. மிதிவண்டிச் சக்கரத்துக்குக் காற்றடிக்கும் குழாயின் வாயை விரலால் அடைத்துப் பாருங்கள். கைப்பிடியை அழுத்தி விட்டால், அது தானாகவே மேலெழும். அழுத்தப்பட்ட காற்று, விரிய முயன்று கைப்பிடியைத் தள்ளுகிறது. இந்தத் தள்ளுவிசையே பாறையைத் துளைக்கவும் வண்டியை இழுக்கவும் பயன்பட்டது.

ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து, 1872 முதல் 1882 வரை, ஏறத்தாழ 15 கிலோமீட்டர் நீளமுள்ள கோதார்டு தொடர்வண்டிப் பாதை அமைக்கப்பட்டது. அங்கே உடைத்த கற்களை வெளியேற்றக் காற்று இழுவை எந்திரங்கள் ஓடின. பின்னர், அமெரிக்காவின் பிட்சுபர்க் நகரிலிருந்த போர்ட்டர் நிறுவனம், சுரங்கங்களுக்கென இத்தகைய எந்திரங்களை மிகுதியாகச் செய்தது. இவற்றில் கொதிகலன் இல்லை. தடித்த எஃகுக் கலன் உண்டு. மகிழுந்துச் சக்கரத்தில் உள்ளதைப்போல் 25 மடங்கு அழுத்தத்தில் கலனில் காற்று நிரப்பப்படும். அக்காற்று உருளைக்குள் விரிந்து பிஸ்டனைத் தள்ள, சக்கரங்கள் சுழலும். காற்றுத் தீர்ந்ததும், குழாய் அமைந்த இடத்துக்குச் சென்று மீண்டும் நிரப்பிக்கொள்ள வேண்டும்.

இம்முறையில் இழப்பும் உண்டு. காற்றடிக்கும்போது மிதிவண்டிக் குழாய் சூடாவதைத் தொட்டு உணர்ந்திருப்பீர்கள். காற்றை அழுத்தச் செலவிட்ட ஆற்றலில் பெரும்பகுதி, இவ்வாறு வெப்பமாக வீணாகிறது. விரியும்போதோ காற்று மிகவும் குளிர்கிறது. உருளையின்மேல் பனி படிவதும் உண்டு. இருப்பினும், எந்திரம் வெளிவிட்டது புகையன்று, காற்று. அதன் அருகே நின்று மனிதர் மூச்சுவிட முடிந்தது. அமெரிக்காவின் ஓம்சுடேக் தங்கச் சுரங்கத்தில் 1901இல் காற்று இழுவை எந்திரங்கள் நுழைந்தன. 1920களில் அங்குக் குதிரைகளின் உழைப்பு முடிவுற்றது.

நம் நாட்டின் கோலார் தங்கவயலிலும் பாறையைத் துளைக்க அழுத்தப்பட்ட காற்றே உதவியது. அங்கு உழைத்தவர்களுள் பெரும்பாலோர் வட ஆர்க்காடு, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து சென்ற தமிழர்கள். உங்கள் குடும்பத்தாரைப் போலவே, பிழைப்பின் பொருட்டு வேற்றிடம் சென்றவர்கள் அவர்கள். 1902இல், காவிரி வீழும் சிவசமுத்திரத்திலிருந்து 147 கிலோமீட்டர் தொலைவு கம்பிவழி வந்த மின்சாரம், தங்கவயலின் எந்திரங்களை இயக்கத் தொடங்கியது. ஆற்றின் விசை மின்சாரமாயிற்று. மின்சாரத்தின் விசை காற்றை அழுத்திற்று. அக்காற்று நிலத்தடிப் பாறையைத் துளைத்தது.

ஆனால், துளைக்கும் கருவி நுண்ணிய கல்தூளையும் எழுப்பியது. அதை நாள்தோறும் சுவாசித்தோரின் நுரையீரல் இறுகியது. சிலிகோசிஸ் எனப்படும் அந்நோய் கோலார்த் தொழிலாளர் பலரை வருத்தியது. துளைக்கும் இடத்தில் நீரைச் செலுத்தித் தூளை அடக்கும் முறையும், நல்ல காற்றோட்டமும் இத்தீங்கைக் குறைக்க வல்லவை.

2001இல் கோலார்ச் சுரங்கங்கள் மூடப்பட்டன. ஆயினும், அவை நமக்குக் கற்பிக்கும் அளவுகோல் இன்றும் பயன்படும். ஓர் எந்திரம் எவ்வளவு வேலை செய்கிறது என்பதோடு, அதன் அருகில் நிற்பவர் எத்தகைய காற்றைச் சுவாசிக்கிறார் என்பதையும் நாம் கேட்க வேண்டும்.

சிந்தித்து விடை எழுதுக

1. நீராவி எந்திரத்தைச் சுரங்கத்துக்குள் ஓட்டுவதால் நேரும் தீங்குகள் யாவை?
2. ஆற்றல் வீணான போதிலும் அழுத்தப்பட்ட காற்றைப் பயன்படுத்தியது ஏன்?
3. உங்கள் ஊரில், எந்திரங்களின் அருகே புகையிலோ தூசியிலோ உழைக்கும் ஒருவரைச் சந்தித்து உரையாடுக. அவருக்கு எத்தகைய பாதுகாப்புத் தேவை என்பதைப் பத்து வரிகளில் எழுதுக.