ஆல்ட்+2 யாருக்குச் சொந்தம்?

கல்வெட்டுக் குறிப்பு அடிக்கும்போது எனக்கு ஒரு பழக்கம். ஊர், கோயிலில் எந்தச் சுவர், அரசர், ஆட்சியாண்டு இதையெல்லாம் முதலில் ஆங்கிலத்தில் நாலு வரி அடிப்பேன். பிறகு ஆல்ட்+2 அழுத்தினால் தமிழ்த் தட்டச்சு நிரல் விழித்துக்கொள்ளும். பாடத்தைத் தமிழில் அடிப்பேன். கண் புத்தகத்திலேயே இருக்கும்.

சில நாள் நிமிர்ந்து பார்த்தால் அடித்த வரிகளைக் காணோம். தமிழ் வர வேண்டிய இடத்தில் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள். கன்ட்ரோல்+ஒய் போட்டும் வரிகள் திரும்பவில்லை. நான்தான் கைதவறி அழிக்கிறேன் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் சொற்செயலியில் ஆல்ட்டை மட்டும் அழுத்தியபோது விஷயம் புரிந்தது. மேலே இருக்கும் சின்னப் பட்டையின் பொத்தான்கள் மேல் 1, 2, 3 என்று எண்கள் தோன்றின. இரண்டாவது பொத்தான் அன்டூ! தட்டச்சு நிரல் ஓடாத நாளில் என் ஆல்ட்+2 நேராக அங்கே போய், கடைசியாக அடித்ததை அழித்திருக்கிறது. அதன்மேல் நான் தொடர்ந்து அடித்ததால் ரீடூவுக்கும் வழியில்லாமல் போய்விட்டது.

விண்டோஸில் ஒரு நிரல் 'இந்தக் குறுக்குவிசை எனக்கு' என்று கணினி முழுவதற்கும் பதிவு செய்துகொள்ளலாம். அதற்கான ஃபங்ஷன் பெயர் ரெஜிஸ்டர்ஹாட்கீ. முதலில் கேட்டவருக்கே கிடைக்கும். அதே விசையை அடுத்து வேறொரு நிரல் கேட்டால் பிழைதான் பதிலாக வரும். பல நிரல்கள் அந்தப் பிழையை நம்மிடம் சொல்வதே இல்லை. கணினி தொடங்கும்போது எது முந்துகிறதோ அதற்குத்தான் விசை. நேற்று வேலை செய்தது இன்று செய்யாததற்கு இதுவும் ஒரு காரணம். யாரும் பதிவு செய்யாத விசை, முன்னால் திறந்திருக்கும் நிரலுக்குப் போகும். என் கதை இந்த இரண்டாம் வகை.

உங்களுக்கும் இப்படி நடந்தால், முதலில் நோட்பேடைத் திறந்து அதே விசையை அழுத்திப் பாருங்க. அங்கேயும் சம்பந்தமில்லாத ஏதோ நடந்தால், பின்னணியில் ஓடும் ஒரு நிரல் விசையைப் பிடித்து வைத்திருக்கிறது. கடிகாரத்துக்குப் பக்கத்தில் உள்ள நிரல்களில் பாதியை மூடிவிட்டுச் சோதியுங்கள். பிரச்சினை போய்விட்டால் ஆள் மூடிய பாதியில் இருக்கிறது. போகவில்லை என்றால் மீதியில். இப்படியே பாதி பாதியாகக் குறைத்தால் சிக்கிவிடும். நோட்பேடில் ஒன்றுமே நடக்காமல் ஒரே ஒரு நிரலில் மட்டும் தொல்லை என்றால், அந்த நிரலின் சொந்தக் குறுக்குவிசைகளைப் பாருங்கள்.

விரல் பழகிவிட்டதால் ஆல்ட்+2-ஐ நான் மாற்றவில்லை. பட்டையில் இரண்டாவது இடத்துக்கு 'சேமி' பொத்தானைக் கொண்டுவந்தேன், அவ்வளவுதான். இப்போது தட்டச்சு நிரல் தூங்கினாலும் கோப்பு சேமிக்கப்படும், எதுவும் அழியாது.

பழைய கோப்புகளைத் திறந்து பார்த்ததில் மூன்று பாடங்களுக்குத் தலைக்குறிப்பே இல்லை. எந்த ஊர், எந்தச் சுவர் என்று தெரியாத கல்வெட்டுப் பாடத்தை வைத்து என்ன செய்வது? மறுபடியும் புத்தகங்களைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன்.