பூவில் தொடங்கும் குறிப்பேடு

புற்றுநோய்க்கான வேதிமருந்துச் சிகிச்சை பல நோய்களில் 21 நாட்களுக்கு ஒரு சுற்று என்ற கணக்கில் அளிக்கப்படுகிறது. அந்த 21 நாட்களில் நோயுற்றவர் எங்கள் கண்முன் இருப்பது ஒரு நாள். மிஞ்சினால் இரண்டு நாள். ஏனைய நாட்கள் யாவும் வீட்டில் கழிகின்றன. வாந்தியும் வாய்ப்புண்ணும் உறக்கமின்மையும் காய்ச்சலும் பெரும்பாலும் அங்கேதான் நேர்கின்றன. அடுத்த சுற்றுக்கு வரும்போது, “இடையில் எப்படி இருந்தீர்கள்?” என்று கேட்கிறோம். “பரவாயில்லை, டாக்டர்” என்று விடை வருகிறது. அருகில் நிற்கும் மகளோ மருமகளோ ஏதோ சொல்ல வாயெடுப்பார். நோயுற்றவர் திரும்பி ஒரு பார்வை பார்ப்பார். அத்துடன் அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

இதில் மறைக்கும் எண்ணம் எப்போதும் இருப்பதில்லை. சிகிச்சைக் காலத்தில் நினைவு மங்குவது பலருக்கு நேர்கிறது. எந்த நாளில் வாய் எரிந்தது, எத்தனை நாள் நீடித்தது என்பதெல்லாம் மூன்று வாரங்களுக்குப் பின் கலங்கிப்போகின்றன. ஆனால் மருந்தின் அளவைக் குறைப்பதா, ஒரு வாரம் தள்ளிவைப்பதா, வேறு மருந்துக்கு மாற்றுவதா என்ற முடிவுகளுக்கு அந்த விவரங்கள்தாம் அடிப்படை. ஆகவே, வீட்டு நாட்களை எழுதிவைக்குமாறு நாங்கள் கேட்டுக்கொள்கிறோம்.

கேட்பது எளிது. கட்டம் போட்ட அட்டைகளைக் கொடுத்தால், அவற்றுள் பெரும்பாலானவை நான்காம் நாளிலிருந்து வெறுமையாகவே திரும்பி வருகின்றன. அதற்காக யாரையும் குறை சொல்ல முடியாது. நாள்தோறும் உட்கார்ந்து தன் வலியையும் வாந்தியையும் எண்ணிக் கட்டத்தில் நிரப்ப யாருக்கு மனம் வரும்? நோயிலிருந்து சற்றே விலகியிருக்க விரும்பும் ஒருவரை, அந்த அட்டை மீண்டும் நோயின் முன்னே கொண்டுபோய் உட்காரவைக்கிறது.

தொடர்ந்து எழுதுபவர்களின் குறிப்பேடுகள் வேறு மாதிரி இருக்கின்றன. அவை வீட்டைப் பற்றிய குறிப்பேடுகளாக இருக்கின்றன. யார் வந்தார்கள், என்ன சமைத்தார்கள், பால் ஏன் தாமதமாக வந்தது என்ற செய்திகளுக்கு நடுவே உடல்நிலையும் தானாக வந்துவிடுகிறது. அவற்றுள் பலவும் வாசலில் அல்லது மாடியில் பூத்த ஒரு பூவில் தொடங்குவதைக் கவனித்திருக்கிறேன். இதற்குக் காரணம் உண்டு. எழுத உட்காருபவருக்குக் கடினமானது முதல் வரி. ‘இன்று எப்படி இருக்கிறேன்’ என்பதற்கு விடை எழுதத் துணிவு வேண்டும். ‘இன்று செம்பருத்தி எத்தனை’ என்பதற்கு எழுந்து சென்று பார்த்தால் போதும். பார்த்துவிட்டு வந்தவர், அங்கே போய்வர எவ்வளவு நேரம் ஆனது என்பதையும் எழுதிவிடுகிறார்.

ஒரு பக்கம் எவ்வாறு அமையலாம் என்பதற்கு, நானே எழுதிய மாதிரி ஒன்றைத் தருகிறேன்.

“9ஆம் நாள். செம்பருத்தி ஐந்து, நேற்று மூன்றுதான். மல்லிகையை அருகில் கொண்டுவராதே என்றேன், மணம் குமட்டுகிறது. மகளின் முகம் வாடிவிட்டது. காலையில் இட்லி ஒன்றரை. கீழுதட்டின் உட்புறம் காரம் பட்டதுபோல் எரிகிறது. கொடியில் துணி உலர்த்தப் போனேன், பாதியில் உட்கார்ந்துவிட்டேன். வெப்பம் காலை 98.4, மாலை 99.2. இரவு இரண்டு மணிக்குப் பவழமல்லி மணம் வந்தது, அதுவரை விழித்திருந்தேன்.”

ஒரு நிமிடத்தில் படிக்கக்கூடிய இப்பக்கத்தில் மருத்துவருக்கு வேண்டியவை ஏறக்குறைய அனைத்தும் உள்ளன. பல மருந்துகளில், இரத்த வெள்ளணுக்கள் மிகவும் தாழ்ந்திருக்கும் காலம் 7ஆம் நாள் முதல் 14ஆம் நாள் வரை. 9ஆம் நாளில் உதட்டின் உட்புற எரிச்சல் என்றால் வாய்ப்புண் தொடங்குகிறது என்று பொருள். மாலை வெப்பம் 99.2 என்பது காய்ச்சலாகாது. எனினும் அன்றிரவு மீண்டும் அளந்து பார்க்கவேண்டிய எண். ‘சோர்வாக இருக்கிறது’ என்ற சொல் எங்களுக்கு அதிகம் உதவுவதில்லை. ‘துணி உலர்த்தும்போது பாதியில் உட்கார்ந்தேன்’ என்பது உதவுகிறது. ஏனெனில் அடுத்த சுற்றில் முழுக்கொடியும் உலர்த்த முடிந்ததா, இரண்டு துணிகளோடு நின்றுபோனதா என்று ஒப்பிடலாம். விழிப்புக்கு உடன் தரப்படும் ஸ்டீராய்டு மாத்திரை காரணமாக இருக்கலாம். இரவில் விழுங்கும் மாத்திரையை, எங்களைக் கேட்டுக் காலைக்கு மாற்றுவதாலேயே பலர் உறங்கத் தொடங்குகிறார்கள்.

மல்லிகை செய்தியை வீட்டார் படிக்கவேண்டும். சிகிச்சையின்போது மணமும் சுவையும் மாறுவது மருந்தின் விளைவு. நேற்றுவரை விரும்பிய மணம் இன்று குமட்டும். மகள் தொடுத்துவந்த சரத்தைத் தாய் விலக்கியது மகளை விலக்கியதாகாது. மணமில்லாத செம்பருத்தியையோ டிசம்பர்ப் பூவையோ கண்ணில் படும் இடத்தில் வைத்துவிட்டு, மல்லிகையைச் சிகிச்சை முடியும்வரை பூசையறையோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பூத்தொடுக்கும் பழக்கமுள்ளவர்களுக்கு ஒரு செய்தி. நிணநீர்ப் புற்றுநோய், சிலவகை இரத்தப் புற்றுநோய்கள் ஆகியவற்றில் வின்கிரிஸ்டின் என்ற மருந்து பயன்படுகிறது. அது நரம்பு நுனிகளைத் தாக்கக்கூடியது. விரல் நுனிகளும் கால்விரல்களும் முதலில் மரத்துப்போகும். மலச்சிக்கலும் உடன் வரும். நாங்கள் கேட்கும்போது ‘கொஞ்சம் மரத்தாற்போல் இருக்கிறது’ என்று சொல்லி விட்டுவிடுவார்கள். ஆனால், “நாலு முழம் கட்டும் நேரத்தில் ஒரு முழம்தான் ஆயிற்று, நார் விரலில் நிற்கவில்லை, முடிச்சு இறுகவில்லை” என்று குறிப்பேட்டில் ஒரு வரி இருந்தால், அது எங்கள் பரிசோதனைக்கு நிகரான சான்று. சட்டைப் பொத்தான் போட முடியாமை, கோலத்தில் இழை நேராக விழாமை, செருப்பு காலிலிருந்து நழுவுவது தெரியாமை ஆகியனவும் அவ்வாறே. இந்நிலையில் மருந்தின் அளவை மாற்றலாம். அறிவிக்காமல் சுற்றுகள் தொடர்ந்தால் மரத்தல் நெடுங்காலம் நிலைத்துவிடக்கூடும்.

இந்த வின்கிரிஸ்டின் எங்கிருந்து வந்தது என்பதை நோயுற்றோர் பலர் அறியார். நம் வீட்டு வாசல்களில் நீரூற்றாமலே பூக்கும் நித்தியகல்யாணியே அதன் மூலம். சில ஊர்களில் அதைச் சுடுகாட்டு மல்லி என்று சொல்லி வீட்டில் வைக்கத் தயங்குவார்கள். அதன் இலைகள் சர்க்கரை நோய்க்கு நாட்டு மருந்தாகக் கருதப்பட்டதால், 1950களில் கனடாவில் ராபர்ட் நோபிள், சார்லஸ் பியர் ஆகிய இருவரும் அவற்றை ஆராய்ந்தனர். இலைச்சாறு எலிகளின் இரத்தச் சர்க்கரையைக் குறைக்கவில்லை, வெள்ளணுக்களைக் குறைத்தது. வெள்ளணுக்கள் கட்டின்றிப் பெருகும் நோய்களுக்கு இதுவே மருந்தாகலாமே என்ற எண்ணம் அதிலிருந்து பிறந்தது. முதலில் வின்பிளாஸ்டினும் பின்னர் அமெரிக்க ஆய்வாளர்களால் வின்கிரிஸ்டினும் பிரித்தெடுக்கப்பட்டன. வின்கிரிஸ்டின் 1963இல் அமெரிக்காவில் பயன்பாட்டுக்கு ஒப்புதல் பெற்றது. இந்தச் செய்தியைச் சொல்லும்போதெல்லாம், மருந்துப் பையை அதுவரை நிமிர்ந்து பாராத சிலர் அதை ஒருமுறை உற்றுப் பார்ப்பதுண்டு. உடனே ஓர் எச்சரிக்கையையும் சேர்த்துக்கொள்கிறேன்: அந்த இலையையோ பூவையோ அரைத்துக் குடிக்கலாகாது. இலையில் மருந்து மிக நுண்ணிய அளவிலேயே உள்ளது. அதனோடு வேறு பல நச்சுப்பொருள்களும் உள்ளன. அரளியும் செங்காந்தளும் இன்னும் கொடியவை. இவற்றைக் கண்ணால் காண்பதோடு நிறுத்திக்கொள்ளவேண்டும்.

எழுதுவதால் நோய் குணமாகுமா என்று கேட்பவர்களுக்கு, புற்றுநோய் எழுத்தால் கரைவதில்லை என்றே சொல்வேன். எழுத்தால் வரும் பயன் வேறு இடத்தில் இருக்கிறது. 1986இல் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர், மனத்தை அழுத்தும் நிகழ்ச்சிகளை நாளுக்கு 15 நிமிடம் வீதம் நான்கு நாட்கள் எழுதச்செய்து பார்த்தார். அவ்வாறு எழுதிய மாணவர்கள் பின்வந்த மாதங்களில் மருத்துவரை நாடியது குறைவு. 1999இல் வெளியான மற்றோர் ஆய்வில், ஆஸ்துமாவும் முடக்குவாதமும் உள்ளவர்களுள் இவ்வாறு எழுதியோர் நான்கு மாதங்களுக்குப் பின் ஓரளவு நலம் பெற்றிருந்தனர். பின்னர் வந்த ஆய்வுகள் அனைத்தும் இதே அளவு பயனைக் காட்டவில்லை. பயன் உண்டு, ஆனால் சிறிது என்றே கொள்ளவேண்டும். பூவையும் செடியையும் பார்ப்பதற்கும் அவ்வாறே ஓரளவு சான்று உண்டு. ரோஜர் உல்ரிக் 1984இல் வெளியிட்ட ஆய்வில், பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 பேரின் பதிவுகளை ஒப்பிட்டார். சன்னல் வழியே மரங்கள் தெரியும் அறையில் இருந்தவர்கள், செங்கற்சுவரைப் பார்த்திருந்தவர்களைவிட ஏறத்தாழ முக்கால் நாள் முன்னதாக வீடு திரும்பினர். வலி மருந்தும் குறைவாகவே கேட்டனர். ஒரே மருத்துவமனையில் நடந்த சிறிய ஆய்வு இது. எனினும் கட்டிலைச் சன்னல் பக்கம் திருப்பிப் போடுவதற்குச் செலவு ஒன்றுமில்லையே.

பூக்களுக்கு மற்றொரு பயனும் உண்டு. அவை பொழுதைச் சொல்கின்றன. வீட்டோடு இருப்பவருக்குக் கிழமை மறந்துபோகும். பகலில் உறங்கி இரவில் விழிப்பார். பவழமல்லி விடியலில் தரையில் கிடக்கும். டேபிள் ரோஸ் வெயில் ஏறினால்தான் விரியும். அந்திமந்தாரை மாலை நான்கு மணிவாக்கில் மலரும். இவற்றைப் பார்க்கவேண்டும் என்று ஒருவர் காலையில் வெளிச்சத்துக்கு வந்தால், உடலின் உறக்கக் கடிகாரத்துக்கும் அது நல்லது. தோட்டம் வேண்டுமென்பதில்லை. அடுக்குமாடிக் குடியிருப்பில் கம்பிக்கு வெளியே தொங்கும் ஒரு தொட்டியோ, எதிர்வீட்டு மதிலில் படர்ந்த காகிதப்பூவோ போதும்.

உடனிருந்து பராமரிப்போருக்குத் தனிக் குறிப்பேடு வேண்டும் என்பது என் கருத்து. ஒரே ஏட்டில் இருவரும் எழுதினால், ஒருவரை ஒருவர் வருத்தக்கூடாது என்று இருவருமே நல்லதை மட்டும் எழுதுவார்கள். பராமரிப்பவர் தம் ஏட்டில், தாம் எத்தனை மணி நேரம் உறங்கினார், எத்தனை மணிக்குச் சாப்பிட்டார், தம் சொந்த மாத்திரையை விழுங்கினாரா என்பதை எழுதட்டும். இரத்த அழுத்த மாத்திரையை இரண்டு வாரம் மறந்துவிட்டு, கணவருக்கு வேளை தவறாமல் மருந்து கொடுத்த அம்மாக்கள் எங்கள் வெளிநோயாளர் பிரிவில் புதியவர்கள் அல்லர். கோபத்தையும் எழுதலாம். யாரிடமும் காட்டவேண்டியதில்லை. எழுதியவுடன் மனம் சற்றுக் கனப்பது இயல்பு. பொதுவாகச் சிறிது நேரத்தில் தணிந்துவிடும். தணியாமல் உறக்கம் கெட்டாலோ, வாழவே வேண்டாம் என்ற எண்ணம் மீண்டும் மீண்டும் ஏட்டில் வந்தாலோ, அது எழுதித் தீர்க்கும் செய்தியன்று. அன்றே எங்களிடம் சொல்லுங்கள்.

பூவைத் தேடிப் போகும்போது சில காப்புகள் தேவை. வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் மண்ணைக் கிளறுதல், தொட்டி மாற்றுதல், எரு இடுதல் ஆகியவற்றை நோயுற்றவர் செய்யலாகாது. மண்ணிலும் மக்கிய இலையிலும் உள்ள பூஞ்சை வித்துகள் நுரையீரலைப் பற்றக்கூடியவை. அவ்வேலைகளை வீட்டார் செய்யட்டும். இவர் நாற்காலியில் அமர்ந்து எண்ணிக்கை சொல்லட்டும். தட்டணுக்கள் குறைந்திருந்தால் ரோஜா முள்ளும் ஆபத்தே. படுக்கையறையில் பூச்சாடி வேண்டாம். அதில் தேங்கும் நீரில் கிருமிகள் பெருகும். எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைப் பிரிவுகளுக்குள் பூக்களை அனுமதிக்காததற்கும் இத்தகைய கிருமிகளே காரணம். கோபித்துக்கொள்ளாதீர்கள், பூவின் படத்தைக் கைபேசியில் எடுத்துவந்து காட்டுங்கள். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டுகளை வாரம் ஒருமுறையேனும் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவவேண்டும். டெங்குக் கொசு அங்கேதான் முட்டையிடுகிறது. ஏற்கெனவே தட்டணுக்கள் குறைந்தவருக்கு டெங்கு வந்தால் நிலைமை கடினமாகிவிடும்.

வெப்பம் 100.4 பாரன்ஹீட்டைத் தொட்டால் ஏட்டில் எழுதிவிட்டுக் காத்திருக்கவேண்டாம். எந்த நேரமானாலும் உடனே மருத்துவமனைக்கு வரவேண்டும். வருமுன் தாமாகவே பாராசிட்டமால் விழுங்கிக் காய்ச்சலைத் தணித்துக்கொள்ளவும் கூடாது.

மற்றபடி, ஏட்டுக்கு விதிகள் இல்லை. பிள்ளைகளின் பழைய பள்ளி நோட்டில் மிஞ்சிய பக்கங்கள் போதும். விரல் மரத்து எழுத முடியாதவர் சொல்ல, பேரப்பிள்ளை எழுதலாம். எழுத்தறியாதவர் கைபேசியில் பேசிப் பதியலாம். நான்கு நாள் விட்டுப்போனால் அந்த நான்கு நாட்களை நினைவிலிருந்து இட்டு நிரப்பாமல், வெற்றாகவே விட்டுவிடுங்கள். எழுத முடியாத நாட்கள் எவை என்பதும் எங்களுக்குத் தெரியவேண்டிய செய்திதான். அடுத்த சுற்றுக்கு வரும் முன், முந்தைய இரவு ஒருமுறை புரட்டி, உடலைப் பற்றிய வரிகளின் கீழ்மட்டும் பென்சிலால் கோடிடுங்கள். முழுவதையும் படிக்க எங்களுக்கு நேரம் வாய்ப்பதில்லை. கோடிட்டவற்றை நாங்கள் படிக்கிறோம். செம்பருத்தி எத்தனை என்பதையும் சில நேரம் பார்க்கத்தான் செய்கிறோம்.