சின்ன வெப்சைட்டில் காசு வருமா? முதலில் கணக்கு, அப்புறம் கோடிங்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)



போன மாசம் ஒரு நேயர் மெயில் அனுப்பியிருந்தார். காலேஜ் முடிச்சு ஒரு வருஷம் ஆகுது, கோயம்புத்தூர்ல வேலை. "அண்ணா, நிஷ் வெப்சைட் பண்ணி மாசம் ஒரு லட்சம் சம்பாதிக்கலாம்னு ஒரு கோர்ஸ் வந்திருக்கு. 30,000 ரூபாய். இஎம்ஐ போட்டுச் சேரலாமா?"

"வேண்டாம் தம்பி"னு ஒரு வரில பதில் போட்டேன். அனுப்பின பிறகுதான் உறுத்திச்சு. ஏன் வேண்டாம், அதுக்குப் பதிலா என்ன பண்ணலாம்னு சொல்லாம விட்டா அது பதிலே இல்லை. நான் ரெண்டு சைட் பண்ணியிருக்கேன். ஒண்ணை நானே மூடினேன், ஒண்ணு இன்னும் ஓடுது. ரெண்டையும் வச்சே இன்னைக்குப் பேசலாம்.

நிஷ் சைட்னா என்ன?

ஒரே ஒரு சின்ன விஷயத்தைப் பற்றி மட்டும் பேசுகிற வெப்சைட். "சமையல்" என்பது நிஷ் இல்லை. "பேச்சலர் ரூம்ல இண்டக்‌ஷன் அடுப்பில் சமைக்கிறது" என்பது நிஷ். பெரிய தளங்கள் எட்டிப் பார்க்காத ஒரு மூலையில் உட்கார்ந்து, அங்கே வருகிற கேள்விகளுக்குப் பதில் சொல்வதுதான் யோசனை.

இந்த உலகத்தில் எல்லாரும் சொல்கிற பெயர் அமெரிக்காவின் பேட் ஃப்ளின். ஆர்க்கிடெக்சர் நிறுவனத்தில் இருந்தவர், 2008 பொருளாதாரச் சரிவில் வேலை போனது. அதற்கு முன்பே லீட் என்கிற பசுமைக் கட்டிடத் தேர்வுக்குப் படிக்கும்போது, தன் நோட்ஸை ஒரு சைட்டில் போட்டு வைத்திருந்தார். வேலை போன பிறகு பார்த்தால், முன்பின் தெரியாத ஆயிரக்கணக்கான பேர் அதைப் படித்துக்கொண்டிருந்தார்கள். அதையே மின்னூலாக்கி சுமார் 20 டாலருக்கு விற்றார். 2008 அக்டோபரில் மட்டும் ஏறக்குறைய 7,900 டாலர் வந்தது.

2010-ல அவர் இன்னொண்ணு பண்ணார். தனக்குச் சம்பந்தமே இல்லாத "செக்யூரிட்டி கார்டு பயிற்சி" என்கிற தலைப்பை, கீவேர்ட் ஆராய்ச்சி மூலமா மட்டுமே தேர்ந்தெடுத்து ஒரு சைட் கட்டினார். 73 நாளில் கூகுளில் முதல் இடம். இந்த ரெண்டாவது கதைதான் உலகம் முழுக்கப் பரவிச்சு. தெரிஞ்ச விஷயத்தை எழுதுங்கறது போய், தேடுற விஷயத்தை எழுதுன்னு ஆயிடுச்சு. கோர்ஸ் விற்கிறவங்க இன்னைக்கும் விற்கிறது இதைத்தான்.

நான் பண்ணின தப்பு

என் முதல் சைட் மிக்ஸி பற்றியது. "சிறந்த பத்து மிக்ஸிகள்", "3,000 ரூபாய்க்குள் நல்ல மிக்ஸி", இந்த மாதிரி 40 கட்டுரை. அந்தப் பத்தில் ஒரு மிக்ஸியைக்கூட நான் தொட்டதில்லை. ஷாப்பிங் தளத்தில் இருக்கிற விவரத்தையும் அங்கே இருக்கிற ரிவ்யூவையும் கலந்து எழுதுவேன். கீழே ஒரு லிங்க். அதை அழுத்தி யாராவது வாங்கினா எனக்குக் கமிஷன்.

ஒரு நாள் சித்தி போன் பண்ணாங்க. "டேய், உன் வெப்சைட்ல முதல்ல போட்டிருந்தியே, அந்த மிக்ஸியத்தான் வாங்கினேன். இட்லிக்கு உளுந்து போட்டா சூடாகி நின்னுடுது. நீ எப்படிடா அரைச்சுப் பார்த்த?"

என்கிட்ட பதில் இல்லை. அந்த விற்பனையில எனக்குக் கிடைச்சது நூறு ரூபாய்கூட இல்லை. சித்தி கேட்டாங்க. கேட்காதவங்க எத்தனை பேர்னு அன்னைக்கு ராத்திரி யோசிச்சேன். அடுத்த மாசம் சைட்டை மூடிட்டேன்.

காலமும் மாறிவிட்டது

மனசாட்சியை விட்டுட்டு வெறும் பிசினஸா பார்த்தாலும் அந்த வழி அடைபட்டுக்கொண்டே வருகிறது. கூகுள் 2011-ல் பாண்டா அப்டேட் கொண்டுவந்து, சரக்கில்லாத பக்கங்களைக் கீழே தள்ளியது. 2012-ல், தேடும் சொல்லையே டொமைன் பெயராக வைத்து முன்னால் வருகிற தந்திரத்துக்கு ஒரு அப்டேட். 2022 ஆகஸ்டில் ஹெல்ப்ஃபுல் கன்டென்ட் அப்டேட். அதன் 2023 செப்டம்பர் பதிப்பில் ஏராளமான சின்ன சைட்டுகள் அடி வாங்கின. 2024 ஆகஸ்டில் ஏஐ ஓவர்வியூ இந்தியாவுக்கும் வந்துவிட்டது. பதில் தேடல் பக்கத்திலேயே கிடைக்கும்போது உங்கள் பக்கத்துக்கு வருகிறவர் எண்ணிக்கை குறையத்தான் செய்யும்.

இதில் நல்லவங்களும் அடிபட்டாங்க. ஹவுஸ்ஃபிரெஷ் என்று ஒரு சின்னத் தளம். ஏர் ப்யூரிஃபையரை வாங்கி, நிஜமாகவே சோதித்து எழுதுகிறவர்கள். சோதனை செய்யாத பெரிய ஊடக நிறுவனங்களின் பக்கங்கள் தங்களுக்கு மேலே வருகின்றன என்று 2024 பிப்ரவரியில் அவர்கள் வெளிப்படையாக எழுதினார்கள். ஆக, உண்மையா எழுதினா கட்டாயம் ஜெயிப்போம்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா பத்துப் பக்கத்தைப் படிச்சுச் சுருக்கி பதினோராவது பக்கம் எழுதற வேலையை இப்ப மெஷின் பார்த்துக்குது. அதுக்கு நம்மகிட்ட யாரும் வர வேண்டியதில்லை.

தலைப்பை எப்படித் தேடுவது?

ரெண்டாவது சைட்டுக்கு நான் தலைகீழா ஆரம்பிச்சேன். எங்க அப்பார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குரூப்பில் ஒவ்வொரு கோடையிலும் ஒரே கேள்வி வரும்: "இன்வர்ட்டருக்கு எத்தனை ஏஹெச் பேட்டரி போடணும்?" பதிலும் ஒரே மாதிரி வரும்: "கடையில 150 சொன்னாங்க, போட்டுட்டேன்." ஏன் 150னு யாருக்கும் தெரியாது. எனக்கு இஞ்சினியரிங்ல படிச்சது ஞாபகம் இருந்துச்சு.

அப்புறம் மூணு விஷயம் சோதிச்சேன்.

ஒண்ணு, தேடறாங்களா? கூகுளில் பாதிச் சொல்லை அடித்துவிட்டு, கீழே என்ன பரிந்துரை வருகிறது என்று பாருங்கள். கூகுள் ஆட்ஸ் கணக்கு தொடங்கினால் கீவேர்ட் பிளானரும் பார்க்கலாம், மாதத்துக்கு எத்தனை தேடல் என்று தோராயமாகச் சொல்லும். நம்ம ஆட்கள் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடிச்சுத் தேடுவாங்க, அதையும் போட்டுப் பாருங்க.

ரெண்டு, இப்போ இருக்கிற பதில் எப்படி இருக்கு? முதல் பக்கத்தில் வருகிற பத்தையும் திறந்து படியுங்கள். ஒரு சாயங்காலம் போகும், பரவாயில்லை. எனக்கு வந்ததில் பாதி, பேட்டரி விற்கிறவர்களே எழுதினது. இன்னும் சில, ரெடிட்டிலும் கோராவிலும் யாரோ எப்போதோ எழுதின பதில். நம் வீட்டுக்குக் கணக்குப் போட்டுக் காட்டுகிற பக்கம் எதுவும் இல்லை. இதுதான் நாம் தேடுகிற இடைவெளி.

மூணு, இந்தக் கேள்விக்குப் பின்னால் காசு இருக்கா? பேட்டரி மாற்றுகிறவர் பத்துப் பதினைந்தாயிரம் செலவு செய்யப் போகிறவர். அவர் தவறாக வாங்கினால் நஷ்டம். நல்ல பதிலுக்கு மதிப்பு இருக்கு.

சைட் என்ன செய்யுது?

சைட்டின் மையம் ஒரு கால்குலேட்டர். உதாரணத்துக்கு, 75 வாட் ஃபேன் ரெண்டு, 10 வாட் எல்இடி நாலு, ஒரு 10 வாட் வைஃபை ரூட்டர். மொத்தம் 200 வாட். நாலு மணி நேரம் ஓடணும்னா 800 வாட் அவர். 12 வோல்ட் பேட்டரி, அதனால் 12 ஆல் வகுத்தால் சுமார் 67 ஏஹெச். இன்வர்ட்டரில் 20 சதவீதம் வீணாகிறது என்று வைத்தால் 83. லெட் ஆசிட் பேட்டரியை முழுசா காலி பண்ணினா ஆயுள் குறையும். 60 சதவீதம்தான் எடுக்கணும்னு வச்சா 139. ஆக 150 ஏஹெச் சரி. கடைக்காரர் சொன்னது தப்பில்லை.

ஆனால் அந்த ரெண்டு ஃபேனையும் 35 வாட் பிஎல்டிசி ஃபேனாக மாற்றிப் போட்டுப் பாருங்கள். மொத்தம் 120 வாட். அதே கணக்கில் கடைசி விடை சுமார் 83. இப்போது 100 ஏஹெச் போதும். இதை யாரும் கடையில் சொல்வதில்லை. என் சைட்டில் அதிகம் பேர் வருகிற பக்கமும் இதுதான்.

செலவு? டொமைனுக்கு வருஷம் ஆயிரம் ரூபாய்க்கு முன்ன பின்ன. ஸ்டாடிக் சைட் என்பதால் க்ளவுட்ஃப்ளேர் பேஜஸில் ஹோஸ்டிங் இலவசம். கோடிங் தெரியாதவர்கள் வேர்ட்பிரஸில் ஆரம்பிக்கலாம். முதல் நாளே சர்ச் கன்சோலில் சேர்த்துவிடுங்கள், அதுவும் இலவசம். எந்தச் சொல்லுக்கு உங்கள் பக்கம் காட்டப்படுகிறது, எத்தனை பேர் அழுத்துகிறார்கள் என்று அதில் தெரியும். அடுத்த கட்டுரை என்ன எழுதணும்னு எனக்குச் சொன்னது அந்த லிஸ்ட்தான்.

இப்போ காசுக் கணக்கு

இருபது நல்ல கட்டுரை எழுதிட்டீங்க. ஒவ்வொண்ணுக்கும் ஒரு நாளைக்குப் பத்துப் பேர் வர்றாங்கன்னு வச்சுக்குவோம். புது சைட்டுக்கு இது கெட்ட எண் இல்லை. மாசம் 6,000 பார்வை. ஆயிரம் பார்வைக்கு 100 ரூபாய் விளம்பர வருமானம்னு வச்சா, மாசம் 600 ரூபாய். ஆட்சென்ஸ் 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் அனுப்பும். அது எட்டாயிரம் ரூபாய்க்கு மேல். முதல் பணம் பார்க்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும்.

அஃபிலியேட்? அதன் கமிஷன் விகிதம் நம் கையில் இல்லை. 2020 ஏப்ரலில் அமேசான் அமெரிக்காவில் ஃபர்னிச்சருக்கான கமிஷனை 8 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைத்தது. அதை நம்பிக் கட்டின சைட்டுகளின் வருமானம் ஒரே நாளில் பாதிக்கும் கீழே போயிருக்கும். தவிர, பேட்டரியை நம் ஊரில் தெருக்கடையில்தான் வாங்குவார்கள். பழசை எடுத்துக்கொண்டு, புதுசை மாட்டிக் கொடுப்பார்கள்.

எனக்குக் காசு வந்தது நான் நினைக்காத பக்கத்திலிருந்து. ஒரு எலக்ட்ரிக்கல் கடைக்காரர் போன் பண்ணார். "தம்பி, உங்க கணக்கப் பார்த்துட்டு ரெண்டு பேர் வந்தாங்க. நம்ம கடை நம்பரைப் போட்டுக்கலாமா? மாசம் 4,000 தர்றேன்." விளம்பரம்னு தெளிவா எழுதித்தான் போடுவேன்னு சொன்னேன், ஒத்துக்கிட்டார். மூணு மாசம் நல்லா போச்சு. நாலாவது மாசம், "தம்பி, அந்த 100 வர்ற இடத்துலயெல்லாம் 150னு காட்ட முடியுமா? கஸ்டமருக்கும் நல்லதுதான, கூட நேரம் ஓடும்."

ஒரு எண்ணை மாத்தினா போதும். கோடில் ஒரு வரி. உண்மையைச் சொல்றேன், ஒரு நாள் முழுக்க யோசிச்சேன். அந்த 4,000தான் சைட்டோட மொத்த வருமானத்தில் பெரிய பங்கு. கடைசில சித்தி கேட்ட கேள்விதான் ஞாபகம் வந்துச்சு. "சாரி அண்ணே, முடியாது"ன்னேன். அவர் கோபப்படலை, விளம்பரத்தை மட்டும் நிறுத்திட்டார். அடுத்த கடை கிடைக்க அஞ்சு மாசம் ஆச்சு.

இன்னைக்கு அந்த சைட் என் இன்டர்நெட் பில்லையும் பெட்ரோல் செலவையும் பார்த்துக்குது. அவ்வளவுதான். வாரத்துக்கு ஆறு மணி நேரம், ஒன்றரை வருஷம் ஆச்சு இதுக்கு. மணிக்கணக்கு போட்டா டியூஷன் எடுத்திருந்தா அதிகம் கிடைச்சிருக்கும்.

ஆரம்பிக்கிறவர்களுக்கு மூன்று விதி

கமிஷனோ விளம்பரமோ வாங்கினால் பக்கத்தில் வெளிப்படையாக எழுதுங்கள். 2022 ஜூனில் வந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதலும் அதைத்தான் சொல்கிறது.

வேலையில் இருப்பவர்கள் ஆஃபர் லெட்டரை ஒருமுறை எடுத்துப் படியுங்கள். வெளியே சம்பாதிக்க அனுமதி வாங்கணும்னு இருந்தா, முதல்லயே எச்ஆர்கிட்ட கேட்டுடுங்க. வருகிற காசை வருமான வரிக் கணக்கிலும் காட்டணும்.

வருகிறவர்கள் அனைவரையும் கூகுள் வழியாகவே எதிர்பார்க்காதீர்கள். என் கால்குலேட்டருக்கு இப்போது வருகிறவர்களில் கணிசமானவர்கள் வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பின லிங்க் வழியாக வருகிறார்கள். அதை எந்த அப்டேட்டும் தொட முடியாது.

கோயம்புத்தூர் தம்பிக்கு

அந்த 30,000 ரூபாயைக் கட்டாதீங்க. இந்த வாரம் ஒரு நோட்டை எடுங்க. ஆபீஸ்ல, வீட்ல, ஃபிரெண்ட்ஸ் குரூப்ல ஆட்கள் உங்ககிட்ட திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை எழுதுங்க. பத்து சேர்ந்ததும், ஒவ்வொண்ணுக்கும் கூகுள் முதல் பக்கத்தைத் திறந்து படிங்க. எந்தக் கேள்விக்கு "இதைவிட நான் நல்லா சொல்வேன்"னு தோணுதோ, அதுக்கு ஒரே ஒரு பக்கம் போடுங்க. மூணு மாசம் சர்ச் கன்சோலைப் பாருங்க. யாரும் வரலைன்னா ஆயிரம் ரூபாயோட முடிஞ்சது.

பக்கம் போட்டதும் லிங்க் அனுப்புங்க, நான் படிக்கிறேன். கேட்டுக்கிட்டிருக்கிற மத்தவங்களும்தான். அடுத்த எபிசோடில், வந்த லிங்க்குகளில் மூணை எடுத்து, சர்ச் கன்சோல் எண்களோட சேர்த்துப் பார்க்கலாம்.